நோயாளியா, நோயின் ஊற்றா? லாக் ஆஸ்பத்திரியிலிருந்து ‘இயன்ற வரை’ வரை

1

விளிம்புநிலை மக்களுக்கு நல்ல மருத்துவம் கிடைப்பதில்லை என்கிற பேச்சு எழுந்தவுடன் வழக்கமாக ஒரு பட்டியல் வாசிக்கப்படும். தூரம், காசில்லாமை, படிப்பில்லாமை, ‘விழிப்புணர்வு’ இல்லாமை. பட்டியல் பொய்யல்ல. ஆனால் அதற்குள் ஓர் ஊகம் பதுங்கியிருக்கிறது. மருத்துவம் என்பது நல்லெண்ணத்தோடு ஓரிடத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறது, இவர்கள்தான் அங்கே போய்ச் சேர முடியாமல் நடுவழியில் தடுக்கி விழுகிறார்கள் என்கிற ஊகம். ரோடு போட்டால், காப்பீட்டு அட்டை கொடுத்தால், நாலு சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் காரியம் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும்.

வரலாறு வேறு கதை சொல்கிறது. இந்த மக்களைத் தேடி மருத்துவம் வராமல் இல்லை. வந்திருக்கிறது. பல சமயம் போலீஸோடு சேர்ந்தே வந்திருக்கிறது. பரிசோதிக்க வந்தது, பதிவேட்டில் பெயர் ஏற்ற வந்தது, அடைத்து வைக்க வந்தது. குணப்படுத்தத்தான் வரவில்லை. ஆக, இவர்கள் விஷயத்தில் மருத்துவம் ‘இல்லாமை’ மட்டும் பிரச்சினை அல்ல. ஒருவகை மருத்துவம் அளவுக்கு மீறி இருந்தது, இன்னொரு வகை இல்லவே இல்லை. இரண்டுக்கும் உள்ள உறவு என்ன என்பதுதான் கேள்வி.

ஃபூக்கோ தனது சிறைச்சாலை பற்றிய நூலில் (1975) அதிகாரத்தின் இரண்டு மாதிரிகளைப் பிரித்துக் காட்டுவார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே துரத்துவது ஒன்று. கொள்ளைநோய் வந்த ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆளாளைக் கணக்கெடுத்து, கண்காணிப்பது மற்றொன்று. முன்னது விலக்கல், பின்னது ஒழுங்குபடுத்தல். ஐரோப்பாவுக்கு இந்தப் பிரிவினை எந்த அளவுக்குப் பொருந்துமோ தெரியாது. நம் அனுபவத்தில் இரண்டும் ஒரே உடலின்மீது ஒரே நேரத்தில் நிகழ்ந்திருக்கின்றன. எண்ணிப் பட்டியலிடவும் செய்வார்கள், வாசலில் நிறுத்தித் துரத்தவும் செய்வார்கள். 1868, 1898, 1986 ஆகிய மூன்று ஆண்டுகளை வைத்து இதைப் பார்க்கலாம்.

2

முதலில் லாக் ஆஸ்பத்திரி. ‘லாக்’ என்றதும் நமக்குப் பூட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பெயர் வந்த வழி வேறு. லண்டனில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பால்வினை நோயாளிகளுக்கென்று தொடங்கப்பட்ட ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர். அது, அந்நகரின் தென்பகுதியில் இருந்த பழைய தொழுநோயாளர் விடுதி ஒன்றிலிருந்து இரவல் வாங்கப்பட்டது. ஒரு நோயின் மீதிருந்த அருவருப்பை இன்னொரு நோய் பெயரோடு சேர்த்துச் சுவீகரித்துக்கொண்டது என்று சொல்லலாம். சென்னை மாகாணத்துக்கு வந்தபிறகு அந்தச் சொல்லின் பூட்டு என்ற பொருளே நிஜமாகிவிட்டது என்பதுதான் விசேஷம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துப் படைமுகாம்களை ஒட்டி லாக் ஆஸ்பத்திரிகள் இருந்தன. 1830களில் செலவுக்குத் தக்க பலன் இல்லை என்று மூடப்பட்டன. 1857க்குப் பிறகு நிலைமை மாறியது. இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்களின் எண்ணிக்கை பெருகியது. அவர்களில் வெகுசிலருக்கே மனைவியை அழைத்துவர அனுமதி. மிச்சப் பேருக்கு என்ன ஏற்பாடு? முகாமை ஒட்டிய பஜாரில் ‘சுத்தமான’ பெண்கள் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் வேலையாயிற்று. 1864இல் கண்டோன்மெண்டுகளுக்கான சட்டம் வந்தது. 1868இல் இந்தியத் தொற்றுநோய்கள் சட்டம் (அந்த ஆண்டின் 14ஆம் சட்டம்) சென்னை, கல்கத்தா போன்ற நகரங்களுக்கும் அதையே விரித்தது. தொழில் செய்யும் பெண் போலீஸில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட நாட்களில் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் லாக் ஆஸ்பத்திரியில் அடைபட வேண்டும். வராவிட்டால் அபராதம், ஜெயில்.

சட்டம் பெண்களுக்கு மட்டும். நோய் இரண்டு உடல்களுக்கு நடுவே நிகழ்கிற காரியம் என்பது அன்றைக்கும் தெரியாதது அல்ல. ஆனால் சிப்பாயின் உடல் காப்பாற்றப்பட வேண்டிய உடல், பெண்ணின் உடல் காவல் வைக்கப்பட வேண்டிய உடல். அவன் நோயாளி, இவள் நோயின் ஊற்று. அவனுக்குச் சிகிச்சை, இவளுக்குத் தடுப்பு நடவடிக்கை. இந்தப் பிரிவினைதான் நம் கதை முழுக்கத் தொடரப் போகிறது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அடைத்து வைத்து என்ன வைத்தியம் பார்த்தார்கள்? அன்றைக்குச் சிபிலிஸுக்குக் கொடுத்தது பாதரசம். பல் ஆடும், ஈறு புண்ணாகும், எச்சில் ஒழுகும். நோய் போனது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எர்லிக்கின் சால்வர்சான் 1910இல்தான் வந்தது. பென்சிலின் 1940களில். அதாவது குணப்படுத்தும் வழி மருத்துவத்தின் கையில் இல்லாத காலத்தில், அடைத்து வைக்கும் அதிகாரம் மட்டும் அதன் கையில் முழுசாக இருந்தது.

இங்கிலாந்தில் இதேவகைச் சட்டங்களை எதிர்த்து ஜோசபின் பட்லரும் அவரைச் சார்ந்தவர்களும் நடத்திய இயக்கத்தால் அங்கே 1886இல் சட்டம் நீக்கப்பட்டது. இந்தியாவில் 1888இல். சட்டம் போயிற்றே தவிர வழக்கம் கண்டோன்மெண்ட் விதிகளின் மறைவில் வேறு வேறு பெயர்களில் தொடர்ந்தது.

3

இதோடு நிறுத்தினால், எல்லாம் தெரிந்த அதிகாரம் ஒன்று, ஒன்றும் செய்ய இயலாத பெண்கள் மறுபக்கம் என்கிற தட்டையான சித்திரம்தான் மிஞ்சும். காலனிய மருத்துவத்தைப் பற்றி எழுதுகிற பலர் இந்தச் சித்திரத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சம் இதில் ஒரு கோணலை உண்டாக்குகிறது.

அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். நிவாரணச் செலவைக் குறைக்க இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்கக் கல்லுடைத்து மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் தீர்மானித்தார். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், இது உயிரைப் பிடித்து வைக்கக் காணாது என்று மருத்துவக் காரணங்கள் காட்டிச் சண்டை போட்டார். அந்த வாதம் தனிக்கதை.

இந்தப் பஞ்ச காலத்தில் சென்னை மாகாணத்து லாக் ஆஸ்பத்திரிகளில் என்ன நடந்தது என்பதை சாரா ஹாட்ஜஸ் 2005இல் வெளியான ஒரு கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். பயந்து ஒளிந்துகொள்ள வேண்டிய பெண்கள், அங்கே கிடைக்கும் சோற்றுக்காகவும் தங்க இடத்துக்காகவும் அந்த ஆஸ்பத்திரிகளைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அவர் காட்டுகிறார். அதிகாரிகளின் பார்வையில் இது அரசாங்கத்தைச் சுரண்டுகிற காரியம். கட்டுரையின் தலைப்பிலேயே ‘கொள்ளையடித்தல்’ என்கிற சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறார் ஹாட்ஜஸ்.

இதை ‘எதிர்ப்பு’ என்று கொண்டாடுவதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. பசித்தவள் சோறு கிடைக்கிற இடத்துக்குப் போனாள், அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அரசாங்கத்தின் கணக்கில் அவள் ஒரு நோயின் ஊற்று. அவளது கணக்கில் அவள் ஒரு பசித்த உயிர். அவளுக்கு என்ன தேவை என்று கேட்க அந்த நிறுவனத்துக்குத் தோன்றவில்லை. அவளோ அந்த நிறுவனத்தின் உள்ளே புகுந்து, அது கொடுக்க உத்தேசிக்காத ஒன்றை, அதாவது பராமரிப்பை, தானாக எடுத்துக்கொண்டாள். கொஞ்ச காலத்துக்காவது லாக் ஆஸ்பத்திரியை நிஜ ஆஸ்பத்திரியாக்கியவர்கள் அங்கே அடைக்கப்பட்ட பெண்கள்தான். அதிகாரிகளுக்கு அது கொள்ளையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ‘இவங்களுக்கு இவ்வளவு செய்யணுமா?’ என்கிற கேள்வியின் பழைய வடிவம் அது.

4

அடுத்து 1898. குஷ்டரோகிகள் சட்டம்.

தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873இல் கண்டார். 1889இல் ஹவாய்த் தீவில் தொழுநோயாளரிடையே வேலை செய்த டேமியன் பாதிரியார் அந்த நோயாலேயே இறந்தார். ஐரோப்பியப் பத்திரிகைகளில் பீதி கிளம்பியது. சாம்ராஜ்யத்தின் மூலைகளிலிருந்து நோய் லண்டனுக்கு வந்துவிடுமோ என்கிற பயம். 1890–91இல் ஒரு தொழுநோய்க் கமிஷன் இந்தியாவைச் சுற்றி வந்தது. அது சொன்ன முடிவு பீதிக்கு எதிரானது. இந்த நோய் தொற்றுவது மிகக் குறைவு, கட்டாயமாகப் பிரித்து வைப்பதற்கு நியாயமில்லை என்றது கமிஷன்.

சரி, அத்தோடு விட்டார்களா? விடவில்லை. ஏழே வருஷத்தில் சட்டம் வந்தது. யாரைப் பிடிக்க? தொழுநோய் கண்ட எல்லோரையும் அல்ல. பொது இடத்தில் பிச்சை கேட்பவர், புண்ணைக் காட்டி இரப்பவர், பிழைப்புக்கு வழியின்றித் திரிபவர் ஆகிய ‘பரதேசிக் குஷ்டரோகி’களை மட்டும். வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம், மாஜிஸ்திரேட் விடுதியில் அடைக்கலாம். அதே நோய் உள்ள பங்களாக்காரர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். கிருமி வர்க்கம் பார்ப்பதில்லை. சட்டம் பார்த்தது.

கூடவே இன்னொரு பிரிவு. அரசு அறிவிக்கிற பகுதிகளில் தொழுநோயாளர்கள் விற்பனைக்கான உணவு தயாரிக்கக்கூடாது, தடை செய்யப்பட்ட பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கவோ குளிக்கவோ கூடாது, வாடகை வண்டியில் ஏறக்கூடாது. இந்தப் பட்டியலைப் படிக்கிற தமிழ் வாசகருக்கு வேறொரு பட்டியல் ஞாபகம் வராமல் போகாது. கிணறு, குளம், சோறு, வண்டி. தீண்டாமை எந்தெந்த இடங்களில் கோடு கிழித்ததோ அதே இடங்களில் சுகாதாரச் சட்டமும் கோடு கிழித்தது. வெள்ளைக்காரன் சாதியைப் பார்த்துக் காப்பியடித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அப்படியொரு சட்டம் இங்கே இறங்கியபோது அதை உள்வாங்கிக்கொள்ளத் தயாராக ஒரு சமூகம் இருந்தது. அறிவியலின் பாஷையில் பேசப்பட்ட தொற்றும், சாதியின் பாஷையில் பேசப்பட்ட தீட்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன.

1925இல் செங்கற்பட்டுக்கு அருகே திருமணியில் லேடி வெலிங்டன் தொழுநோய்க் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அங்கேதான் 1940களில் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்துகளை நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே பத்தாண்டின் கடைசியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல்கள் ‘அழுகி’ விழுவதில்லை, உணர்ச்சி அற்றுப்போன கையில் தெரியாமல் படும் காயங்களும் தீப்புண்களும்தான் விரலைத் தின்கின்றன என்று விளக்கினார். 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபின் நோய் முழுக்கக் குணமாகக்கூடியது ஆயிற்று.

மருந்து வந்தது. சட்டம் போனதா? குஷ்டரோகிகள் சட்டத்தை மத்திய அரசு 2016இல்தான் ரத்து செய்தது. விவாகரத்துக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்கிற பிரிவு 2019இல்தான் நீங்கியது. நடுவில் 2008இல், தொழுநோய் கண்டவர் நகராட்சிப் பதவி வகிக்கக்கூடாது என்கிற ஒரிஸா சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நோயைக் குணமாக்க ஆறு மாசம், ஒரு வருஷம் போதும். சட்டத்தைக் குணமாக்க நூற்றுப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. 2005 கடைசியில் தொழுநோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆனால் உலகில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள். தழும்பைக் கண்டவுடன் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டியவர் ஏன் ஒளிக்கிறார் என்று கேட்பவர்கள், ‘விழிப்புணர்வு இல்லை’ என்று முடிப்பதற்கு முன்னால் இந்த நூற்றுப் பதினெட்டு வருஷத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு விழிப்புணர்வு நன்றாகவே இருக்கிறது. வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை அவர் அறிவார்.

5

இப்போது 1986, சென்னை.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்பாக ஹெச்ஐவியைக் கொடுத்தார். இந்தியாவில் அந்த நோய் வராது, நம் கலாச்சாரம் அப்படி என்று பலர் நம்பிய நேரம். பம்பாய் போல் சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பகுதி கிடையாது. தேடிப்போன நிர்மலாவுக்கு, இந்தப் பெண்கள் கைதாகி வைக்கப்படுகிற இடமான மயிலாப்பூர் விஜிலென்ஸ் ஹோம் கைகொடுத்தது. அங்கே ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லாத நிலைமை. மாதிரிகள் வேலூருக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஆறு பேருக்கு ஹெச்ஐவி இருந்தது. இந்தியாவில் ஹெச்ஐவி இருப்பது முதன்முதலாக இப்படித்தான் தெரிய வந்தது. சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இந்த இரண்டு பெண்களின் சாதனையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வசதியில்லாத சூழலில், கேலியைத் தாண்டி, பிறர் பார்க்க மறுத்ததைப் பார்த்தார்கள். சுனிதி சாலமன் பிற்பாடு 1993இல் ஒரு மையம் தொடங்கி, பிற டாக்டர்கள் தொடத் தயங்கியவர்களைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர். கேள்வி தனிமனிதர்களைப் பற்றியதல்ல, அவர்களுக்குக் கிடைத்த வழியைப் பற்றியது. அந்தப் பெண்களிடம் எதற்கு ரத்தம் எடுக்கப்படுகிறது என்பது சொல்லப்படவில்லை. மாதிரியைத் தேர்ந்தெடுத்தது ஒருவகையில் போலீஸ். பிடிபட்டவள் மாதிரியில் வந்தாள். அவளிடம் வந்துபோன ஆண்கள் எந்த ஹோமிலும் இல்லை, ஆகவே கணக்கிலும் இல்லை. நோய் எங்கிருந்து வருகிறது என்கிற கேள்விக்கு, எங்கே தேடினார்களோ அங்கிருந்து வருகிறது என்கிற பதில் கிடைத்தது.

அதே 1986இல், 1956ஆம் வருஷத்து விபச்சாரத் தடைச் சட்டம் திருத்தப்பட்டுப் பெயரும் மாறியது. மீட்கப்பட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுபவர்களைப் பால்வினை நோய்க்காகப் பரிசோதிக்க வழி செய்யும் புதிய பிரிவு ஒன்று அதில் சேர்ந்தது. 1888இல் வாசல் வழியாகப் போன 1868 கொல்லை வழியாகத் திரும்பி வந்தது.

நோய் இருப்பது தெரிந்ததும் அந்தப் பெண்களுக்கு என்ன செய்தார்கள்? கண்டுபிடிப்பின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நோய் கண்டவர்கள் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடப்படவில்லை. வெளியே போனால் பரப்புவார்கள் என்பதுதான் காரணம். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அதே 1990இல் பம்பாயிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ‘மீட்கப்பட்டு’ ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ரயிலுக்கு வைத்த பெயர் விடுதலையைக் குறிப்பது. இறங்கிய இடத்தில் காத்திருந்தவை ரத்தப் பரிசோதனையும் பூட்டிய ஹோமும்.

தமிழ்நாட்டில் மட்டும் இப்படி என்றும் சொல்ல முடியாது. கோவாவில் 1989 பிப்ரவரியில், ரத்ததானம் செய்ததால் ஹெச்ஐவி இருப்பது தெரியவந்த டொமினிக் டிசோசா என்கிற இளைஞர் போலீஸால் கொண்டுபோகப்பட்டு, கைவிடப்பட்ட காசநோய் விடுதியொன்றில் 64 நாள் தனியே அடைக்கப்பட்டார். அதற்கு இடம் கொடுத்த கோவா சட்டத்தை எதிர்த்த வழக்கில், பொதுநலனுக்கும் தனிமனித உரிமைக்கும் மோதல் வந்தால் பொதுநலனே மேல் என்கிற தர்க்கத்தில் நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது. 1989இல் மத்திய அரசே அடைத்து வைக்க வழிசெய்யும் எய்ட்ஸ் தடுப்பு மசோதா ஒன்றைக் கொண்டுவந்து, எதிர்ப்புக்குப் பின் 1992இல் வாபஸ் வாங்கியது.

1868ஐப் போலவே அன்றைக்கும் மருத்துவத்தின் கையில் மருந்து இல்லை. பூட்டு மட்டும் இருந்தது.

6

பூட்டு திறந்தபின் கதவு சாத்தப்பட்டது. இது முரண் அல்ல. ஒருவரை நோயின் ஊற்று என்று ஊருக்குச் சொல்லிவிட்டால், அவர் தானாக வைத்தியம் கேட்டு வரும்போதும் ஊற்றாகத்தானே தெரிவார்.

1990களில் ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் நடந்ததை ‘மறுப்பு’ என்கிற ஒற்றைச் சொல்லால் விளக்க முடியாது. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்பவர்கள் குறைவு. ‘இங்க வசதி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ‘இதுக்குன்னு தனி இடம் இருக்கு’ என்பார்கள். ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போகும். கேஸ் ஷீட்டின் மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைப்பார்கள். பிரசவ வலியோடு வந்தவளைக் கடைசிக் கட்டிலில் போடுவார்கள். தொடுகிற வேலை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். டாக்டர் நர்ஸிடம் தள்ளுவார், நர்ஸ் ஆயாவிடம், கடைசியில் துப்புரவுப் பணியாளரிடம். அவருக்குக் கையுறை இருக்காது, ‘முடியாது’ என்று சொல்லும் வசதியும் இருக்காது. ஆபத்தைத் தாங்குகிற கடமை சாதியின் ஏணிப்படியில் இறங்கி எங்கே போய் நிற்குமோ அங்கேயே ஆஸ்பத்திரியிலும் போய் நின்றது. நோயாளியின் ஓரங்கட்டலைப் பேசுகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓரங்கட்டப்பட்ட இந்தத் தொழிலாளியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அந்த ‘தனி இடம்’ தாம்பரம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1937இல் அரசு எடுத்துக்கொண்ட சானடோரியம். 1993லிருந்து ஹெச்ஐவி உள்ளவர்களை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தாம்பரத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. எல்லா வாசலும் மூடியபோது அது திறந்திருந்தது. ஆனால் ஓர் ஆஸ்பத்திரி எல்லோரையும் ஏற்கிறது என்பது, மற்ற ஆஸ்பத்திரிகள் எல்லோரையும் அங்கே அனுப்பிவிட்டுக் கைகழுவ வசதியாயிற்று. ஊருக்கு வெளியே ஒரு நல்ல விடுதி இருந்தால் ஊருக்குள் யாரும் இடம் தர வேண்டியதில்லை. திருமணிக்கும் தாம்பரத்துக்கும் பொதுவான சோகம் இது.

மருந்தின் கதை தனி. கூட்டு மருந்துகளால் ஹெச்ஐவியோடு நீண்ட நாள் வாழலாம் என்பது 1996லேயே உறுதியாகிவிட்டது. நோயாளர்கள் வாங்க முடியாத விலை. 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால், இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை மலிவாகச் செய்ய முடிந்தது. 2001இல் சிப்லா, ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 350 டாலர் என்று எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு விலை சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆப்பிரிக்காவுக்கு இங்கிருந்து மருந்து போயிற்று. இங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1ஆம் தேதி, தாம்பரம் உட்பட சில இடங்களில். இடைப்பட்ட எட்டு வருஷத்தில் அரசிடம் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்குப் பணமில்லாமல் இல்லை. 1992லேயே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உலக வங்கிக் கடனோடு தொடங்கப்பட்டுவிட்டது. பெரும்பகுதி ‘தடுப்பு’க்குப் போயிற்று. போஸ்டர், ஆணுறை, கணக்கெடுப்பு. தடுப்பு தேவைதான். ஆனால் யாரிடமிருந்து யாரைத் தடுப்பது? பாலியல் தொழிலாளர், அரவானிகள், லாரி டிரைவர்கள் ஆகியோரிடமிருந்து ‘பொதுமக்களை’. இவர்கள் பொதுமக்கள் இல்லை என்பது சொல்லாமலே ஒப்புக்கொள்ளப்பட்டது.

7

‘சரிப்பா, நோய் பரவக் கூடாதுன்னுதானே செஞ்சாங்க, அதுல என்ன தப்பு?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொள்ளைநோய்க் காலத்தில் சில கட்டுப்பாடுகள் தேவைப்படும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன மூன்று சம்பவங்களிலும் அடைத்ததால் நோய் குறைந்ததா? சிப்பாய்களின் நோய் லாக் ஆஸ்பத்திரியால் குறையவில்லை என்பதை அன்றைய ராணுவ டாக்டர்களே திரும்பத் திரும்பப் புலம்பியிருக்கிறார்கள். தொழுநோயைக் குறைத்தது மாத்திரை. ஹெச்ஐவியைக் கட்டுப்படுத்தியதும் அடைப்பு அல்ல. மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக நோய் பரவுவதில்லை என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. சிகிச்சையே சிறந்த தடுப்பு. அதாவது, அவரை நோயாளியாக மதித்துப் பார்த்திருந்தால் ‘பொதுமக்க’ளும் பிழைத்திருப்பார்கள். உரிமைக்கும் பொதுநலனுக்கும் மோதல் என்று கோவாவில் போட்ட கணக்கே அடிப்படையில் தப்பு.

கல்கத்தா சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய திட்டம் இதை மருந்து வருவதற்கு முன்னாலேயே காட்டியது. பாலியல் தொழிலாளர்களையே சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தினார்கள். 1995இல் அவர்களே தங்களுக்கான அமைப்பை உருவாக்கி, பிற்பாடு திட்டத்தையும் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்போது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் நோய் ஒன்றுதான். போலீஸ் தொல்லை, கந்துவட்டி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கூட வந்தன. பஞ்ச காலத்தில் லாக் ஆஸ்பத்திரிக்குச் சோறு கேட்டுப் போனவர்களின் வாரிசுகள்தான் இவர்கள். தேவை என்ன என்பதைத் தேவைப்பட்டவர் சொன்னார். சங்கம் இருந்ததால் அதைக் கொள்ளை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

2017இல் ஹெச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஹெச்ஐவி உள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பது பாகுபாடு, சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது, ரகசியம் காக்கப்பட வேண்டும். 1868லிருந்து எண்ணினால் 149 வருஷங்களுக்குப் பிறகு சட்டம் முதன்முறையாக அந்தப் பக்கம் நின்று பேசியது. சின்ன விஷயமல்ல. ஆனால் அரசாங்கம் மருந்து தர வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் இரண்டு சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன: ‘இயன்ற வரை’. எடுக்கச் சொல்லி நோயாளர் அமைப்புகள் கேட்டும் அவை எடுக்கப்படவில்லை. 2022 ஜூலையில் டெல்லியில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலில், மருந்து இருப்பு இல்லை என்று ஹெச்ஐவியோடு வாழ்பவர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு சொற்களின் அர்த்தம் அங்கே தெரிந்தது. அதே ஆண்டு மே மாதம், பாலியல் தொழிலாளரும் கண்ணியத்துக்கு உரியவர்கள் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் அவர்கள் விருப்பத்துக்கு மாறாக ஹோம்களில் வைக்கப்பட்டிருந்தால் விடுவிக்க ஆவன செய்யும்படி ஆணையிட்டது. 2022இல் அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே பூட்டு இன்னும் துருப்பிடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

அடைத்து வைக்கும்போது அதிகாரம் ‘இயன்ற வரை அடைப்போம்’ என்று எழுதியதில்லை. 1868இலும் சரி, 1898இலும் சரி, அங்கே தயக்கமே கிடையாது. போலீஸ், மாஜிஸ்திரேட், கட்டிடம் எல்லாம் தயாராக இருந்தன. குணப்படுத்த வேண்டிய இடத்தில்தான் நிதிநிலைமை ஞாபகத்துக்கு வருகிறது. விளிம்புநிலையினரின் மருத்துவ உரிமையைப் பேசுகிற இயக்கங்கள் ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்று அளப்பதோடு நிற்காமல், உள்ளே நுழைகிறவர் அங்கே யாராக எழுதப்படுகிறார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரி தானாகக் கேட்டுக்கொண்டதாக இந்த 150 வருஷத்தில் அத்தாட்சி இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் அடைக்கப்பட்டவர்களும் அவர்களோடு நின்றவர்களும்தான்.